போய் இறங்கினதும் ஒரு கோல்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு தேவையான இடங்களில் மட்டும் திருத்தப்பட்டுள்ளது.)

இங்கே டென்மார்க்கில் இரவுச் சாப்பாட்டு நேரம். ரொறன்ரோவில் மத்தியானம், மெல்பேர்னில் இன்னும் விடியவில்லை. விடியாத நேரத்தில் எழும்பியிருந்து கேட்கிறவர்களுக்கு முதல் நன்றி. இரவு வேலை செய்கிறவள் என்பதால் அந்த நேரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

"நிலமும் பொழுதும்" என்று ஒரு தலைப்புத் தந்தார்கள். நான் தமிழாசிரியை இல்லை, தாதி. அதனால் ஒரு றோட்டையும் ஒரு பாட்டையும் பற்றி மட்டும் கதைக்கிறேன். றோட்டு, ஸ்கனபோர்க்கிலிருந்து நான் இருக்கிற இக்காஸ்ட்டுக்கு வருகிற பழைய வழி. பாட்டு, நெடுநல்வாடை.

முதலில் றோட்டு. டென்மார்க் தட்டையான நாடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் யூலன்ட் தீபகற்பத்தின் நடுவில் ஸ்கனபோர்க், ரீ, சில்கபோர்க் ஆகிய ஊர்களைச் சுற்றி மேடும் ஏரியுமாக ஒரு பகுதி உண்டு. டேனிஷ்காரர் அதை ஏரி மலைநாடு என்ற பொருளில் "சோஹொய்லன்ட்" என்பார்கள். பனியுகத்தில் பனிப்பாறைகள் அள்ளிக்கொண்டு வந்து போட்ட மண்ணும் கல்லும்தான் அந்த மேடுகள். நாட்டின் மிக உயர்ந்த இயற்கை இடமான மொலஹொய் ஸ்கனபோர்க்குக்குக் கிட்டத்தான் இருக்கிறது. உயரம் 171 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதைவிடப் பேர்பெற்றது யூல்சோ என்ற ஏரியின் கரையில் நிற்கிற ஹிமல்பியர்கெட். வானமலை என்று அர்த்தம். உயரம் 147 மீற்றர். மேலே 1875இல் கட்டிய ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. டென்மார்க்குக்கு 1849இல் அரசியல் சட்டம் தந்த ஏழாம் பிரடெரிக் மன்னரின் நினைவுக்காகக் கட்டியது.

நாங்கள் இளவாலை. அப்பா முதல் தடவை வானமலையில் ஏறி நின்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "கீரிமலையிலையும் மலை இல்லை, இங்கையும் மலை இல்லை. பேர் வைக்கிறதிலை ரெண்டு சனமும் ஒண்டுதான்." யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்குக் குறிஞ்சி என்பது பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய சொல். மலையும் மலைசார்ந்த இடமும், முருகன், வேங்கை மரம், தினைப்புனம். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினோம். கண்ணால் கண்டதில்லை. எனக்குக் குறிஞ்சி என்று ஒன்று கிடைத்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், இந்த 147 மீற்றரில்தான்.

குறிஞ்சிக்கு எந்தப் பெரும்பொழுதைத் தொல்காப்பியம் கொடுக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது யாமம், நடு இரவு. மழையும் குளிரும் இருட்டும் சேர்ந்த காலத்தை மலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் இப்படி வகுத்திருக்க முடியாது. எங்கள் தீவகத்துக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகளார் சங்கப் பாட்டின் இயற்கையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அடிகளாருடைய பேரை வீட்டில் அப்பா மரியாதையோடு சொல்வார். நிலமும் பொழுதும் பாட்டுக்கு அலங்காரமாகப் போட்டவை அல்ல, மனிதருக்குள் நடப்பதைச் சொல்கிற முறை என்று எனக்கு விளங்கியது அந்த வழி வந்த வாசிப்பால்தான்.

ஒக்ரோபர் நடுவில் இங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை. முந்தி அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்பார்கள், பிள்ளைகள் தோட்டத்தில் கிழங்கு கிண்டப் போன காலத்துப் பேர். ஐப்பசி பிறக்கிற கிழமையும் அதுதான். வருசாவருசம் அந்த விடுமுறையில் ஸ்கனபோர்க் போவோம். அப்பா அங்கே இருக்கிறார், தங்கச்சி குடும்பமும் அங்கே. ஞாயிறு பின்னேரம் திரும்புவோம். பெருந்தெருவால் வந்தால் கெதியாக வரலாம். நான் பழைய வழியால்தான் கார் ஓடுவேன். ரீ, வானமலை, சில்கபோர்க், பிறகு மேற்கே போர்டிங், இக்காஸ்ட்.

அந்த நேரத்து மழை எங்கள் ஊர் மாரி மாதிரிக் கொட்டாது. தூறிக்கொண்டே இருக்கும். பீச் மரத்து இலைகள் செம்பு நிறமாகி றோட்டில் ஒட்டிக்கிடக்கும். வளைவுகளில் சில்லு வழுக்கும். மான் தாண்டும் என்று பலகை நிற்கும். அது சும்மா பலகை இல்லை, இருட்டுகிற நேரத்தில் உண்மையிலேயே தாண்டும். ஆறு மணி கழியப் பொழுது படும், ஆனால் முகிலுக்குள் எப்போது பட்டது என்று தெரியாது. மேடு ஏறி இறங்கும்போது மரங்களுக்கிடையில் ஏரி ஒரு கணம் வெள்ளையாகத் தெரியும், பிறகு மறையும். கார் கண்ணாடியில் அம்மாவின் செபமாலை ஆடிக்கொண்டிருக்கும்.

மழைக்குள் வீடு திரும்புகிற காட்சி எங்கள் பாட்டுகளில் நிறைய உண்டு. போர் முடிந்து தலைவன் தேரில் வருவான், கார்காலம் தொடங்கிவிட்டது, கெதியாக ஓட்டு என்று பாகனிடம் சொல்வான். அகநானூற்றில் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. அதில் வருகிறவன், பூவில் தேன் குடிக்கிற வண்டுகள் வெருளக் கூடாது என்று தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவ்வளவு அவசரத்திலும் அவ்வளவு பதனம். அவனுக்கு முன்னால் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒருத்தி காத்திருக்கிறாள். அதுதான் முல்லை.

எங்களுடைய பயணத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்கனபோர்க்கிலிருந்து வெளிக்கிடும்போது காத்திருக்கிறவர் எனக்கு முன்னால் இல்லை. பின்னால் இருக்கிறார். யன்னல் சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, கார் வளைவில் மறையும் வரைக்கும் நிற்கிறார். நான் வீட்டுக்குப் போகப் போக, காத்திருத்தல் எனக்குப் பின்னால் நீண்டுகொண்டு வருகிறது. புலம்பெயர்ந்த எங்களில் பலபேருடைய முல்லை இப்போது பின்பக்கக் கண்ணாடியில்தான் தெரிகிறது.

அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம் சொல்வார்: "பிள்ளை, போய் இறங்கினதும் ஒரு கோல் எடு." "போய்ச் சேர்ந்ததும்" என்று சொல்ல மாட்டார். எங்கள் ஊரில் போய்ச் சேருவது வேறு பயணத்துக்குச் சொல்கிற சொல். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அதைத் திருத்தித் திருத்தியே அவருக்குப் பழக்கிவிட்டிருந்தா.

காத்திருப்பதை அப்பா எங்கே படித்தார் என்று சொல்ல வேண்டும். அவர் டென்மார்க்குக்கு வந்தது 1986இல். அம்மாவும் நானும் தங்கச்சியும் ஊரில். அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் குடும்பத்தைக் கூப்பிட அப்போதைய சட்டம் உரிமை கொடுத்தது. அப்பா விண்ணப்பம் போட்டார். 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. சமாதானம் வந்துவிட்டது, இவர்கள் திரும்பிப் போகலாம் என்று இங்கே ஒரு கணக்குப் போடப்பட்டது. செப்ரெம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்களுடைய குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். அடுத்த மாதமே, ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. நாங்கள் ஊர்க் கோவிலுக்குள் படுத்திருந்தோம். அந்த மாதம் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியர்களும் தாதிமாரும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அதுவும் ஒரு கூதிர்.

டென்மார்க்கில் வளர்ந்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். தமிழர் வழக்கு என்றுதான் டேனிஷ் மொழியிலும் அதற்குப் பேர். விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வந்ததோடு 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1910க்குப் பிறகு முதல் தடவையாக அமைச்சர்களை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் கூடியது. 1995 ஜூனில் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறை, ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக. ஒரு நாட்டின் அரசாங்கமே எங்கள் கோப்புகளால் விழுந்தது என்று சில பேர் பெருமையாகச் சொல்வார்கள். அப்பா சொல்லமாட்டார். "அரசாங்கம் விழுந்ததாலை போன வருசம் திரும்பி வந்ததோ?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நாங்கள் வந்து இறங்கியது 1990இல். நாலு வருசத்துக்குப் பிறகு பார்த்த ஆளைத் தங்கச்சி மாமா என்று கூப்பிட்டாள்.

அப்படிக் காத்திருந்த மனிசன்தான் கோல் எடு என்று கேட்கிறவர். இதை நான் விளங்கிக்கொள்ளக் கன காலம் எடுத்தது. விளங்கப்படுத்தியது நெடுநல்வாடை.

பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடி. மழையோடு தொடங்குகிறது. ஆயர்கள் வெள்ளத்துக்கு மேட்டுநிலம் ஏறி, கொள்ளிக்குக் கை காட்டிக் குளிர் காய்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மாடு பால் குடிக்க வந்த கன்றை உதைத்துத் தள்ளுகிறது. மலைக்கே குளிர் பிடித்துவிட்டதோ என்று எண்ணவைக்கிற நடு இரவு. பிறகு ஊருக்குள் வருகிறார். பொழுது பட்டது முகிலுக்குள் தெரியாததால் பெண்கள் பிச்சி மொட்டு விரிவதைப் பார்த்து மாலை வந்ததென்று அறிந்து விளக்குக் கொளுத்துகிறார்கள். வீட்டுப் புறா இரவா பகலா என்று தெரியாமல் இரை தேடவும் போகாமல், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கிறது. அந்தப் புறாவை எனக்குத் தெரியும். நொவெம்பர் மாதத்தில் டென்மார்க்கில் நாங்கள் எல்லோரும் அந்தப் புறாதான்.

பிறகு அரண்மனை. அரசி கட்டிலில் கிடக்கிறாள். நகை குறைவு. செவிலியர் சொல்கிற ஆறுதல் காதில் ஏறவில்லை. கண்ணீரை விரலால் வழித்து விடுகிறாள். அங்கிருந்து பாட்டு பாசறைக்குத் தாவுகிறது. அரசனும் நித்திரை கொள்ளவில்லை. வாடைக் காற்றில் விளக்குச் சுடர் ஆடுகிறது. வேப்பிலை கட்டிய வேலோடு ஒருவன் முன்னால் போய்க் காயப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சேணம் கழற்றாத குதிரைகள் மழைத்துளியை உதறுகின்றன. நழுவுகிற மேலாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை ஒரு வீரனின் தோளில் போட்டபடி, தூறலில் குடை ஆட, ஒரு சிலரோடு அவன் போய்க்கொண்டிருக்கிறான். பாட்டு அதோடு முடிகிறது. அவன் வீட்டுக்கு வந்தானா என்று சொல்லவில்லை.

படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இது இரவுச் சுற்று. ஒவ்வொரு இரவும் நாங்கள் செய்கிற வேலை. விளக்கு, ஒருவர் பின் ஒருவராகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு காயம்.

பாட்டின் பேருக்குப் பழைய உரை சொல்லும் விளக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே வாடைக் காற்று. காத்திருக்கிற அரசிக்கு அது நெடியது, முடியாமல் நீளுகிறது. வேலையில் வெற்றியோடு இருக்கிற அரசனுக்கு நல்லது. அதனால் நெடு நல் வாடை.

இனி என்னுடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து வருசத்துக்கு முந்தி, இதே விடுமுறை ஞாயிறு. அப்பா அப்போது தனி வீட்டில் இருந்தார். காலையில் உதவிக்கு ஒரு பெண் வருவா. நான் தனியாகத்தான் போயிருந்தேன். திரும்பி வரும்போது சில்கபோர்க் தாண்டியதும் வேலையிடத்திலிருந்து கோல். ஒருவருக்குச் சுகமில்லை, இரவு முறைக்கு முன்னதாக வர முடியுமா? வீட்டுக்குப் போகாமல் நேரே போனேன்.

அன்று இரவு ஒரு வயதான மனிதர் இறந்துகொண்டிருந்தார். சொந்தம் யாரும் இல்லை. இங்கே செஞ்சிலுவைச் சங்கத்தில் தொண்டர்கள் இருக்கிறார்கள், தனியாக இறக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து விழித்திருப்பார்கள். அன்றைக்கு அந்த நேரத்துக்கு யாரும் கிடைக்கவில்லை. மற்றக் கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்து வந்து நான் இருந்தேன். உதட்டை நனைத்தேன், கையைப் பிடித்தேன். விடியப்புறம் நாலு மணிக்குப் பிறகு அமைதியாகப் போனார். யன்னலைத் திறந்துவிட்டேன், அது இங்குள்ள தாதிமாரின் பழக்கம். மழைக்காற்று உள்ளே வந்தது. களைப்பாக இருந்தது, ஆனால் நல்ல இரவு என்று மனதுக்குள் நினைத்தேன். ஒருவரைத் தனியாக விடவில்லை.

காலை ஏழரைக்கு ரெலிபோனைப் பார்த்தேன். அப்பாவின் பதினொரு அழைப்பு. கடைசி அழைப்பு விடிய நாலே கால். எட்டு மணிக்கு வந்த அந்தப் பெண் பார்த்தபோது, கோட்டும் சப்பாத்தும் போட்டபடி ரெலிபோன் மேசைக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்திருக்கிறார். பொலிஸ் வந்தால் உடனே வெளிக்கிட வேண்டும் என்று உடுத்தியிருந்தாராம்.

அவர் என்னைப் பேசவில்லை. "வேலை எண்டால் சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். எனக்கு நல் ஆன அதே இரவு அவருக்கு நெடு ஆகியிருந்தது. நெடுநல்வாடையை நான் அதுவரைக்கும் அரசன் பக்கத்தில் நின்றே வாசித்திருக்கிறேன். கடமை, காயப்பட்டவர், விளக்கு. அந்தக் கட்டிலில் கிடந்தவளை ஒரு வர்ணனையாகத் தாண்டிப் போயிருக்கிறேன். நக்கீரரோ பாதிக்கு மேல் அவளுடைய பக்கத்தைத்தான் எழுதியிருக்கிறார். அவர் இரண்டு பேரில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரே காற்றை இரண்டு இடத்தில் வீசவிட்டு எழுதிவைத்தார்.

அந்த வழியில் இன்னுமொரு இடம். சில்கபோர்க்குக்கு மேற்கே ஹோர்பிலுன்ட என்ற மேட்டில், றோட்டோரம் ஒரு சிலுவை நிற்கிறது. காய் முங்க் என்ற குருவானவர், நாடக ஆசிரியர். மேற்குக் கரையில் வேடெர்சோ என்ற ஊரின் பங்குக் குரு. ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராகப் பிரசங்க மேடையில் பேசினார். 1944 ஜனவரி 4ஆம் திகதி இரவு கெஸ்டாப்போ அவரை வீட்டிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நாள் அந்த மேட்டடியில் வாய்க்காலுக்குள் உடல் கிடந்தது. வீட்டில் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். அவருடைய "சொல்" என்ற நாடகத்தில், பிரசவத்தில் இறந்த ஒரு பெண் சவப்பெட்டியிலிருந்து எழும்புவாள். கார்ல் தியோடோர் ட்ரையர் 1955இல் அதைப் படமாக எடுத்தார். எழும்புவதற்கு முன் அந்த வீட்டில் எல்லோரும் காத்திருக்கிற அமைதிதான் அந்தப் படத்தில் எனக்கு மறக்க முடியாதது.

அப்பா என்னோடு காரில் வந்த காலத்தில் அந்த இடத்தில் சிலுவை அடையாளம் போடுவார். ஒருமுறை கேட்டார்: "எங்கட ஊரிலை இப்பிடி வாகனத்திலை ஏத்திக்கொண்டு போய் றோட்டோரம் போட்ட பிள்ளையளுக்கு ஆர் சிலுவை நட்டது?" நான் பதில் சொல்லவில்லை. வைப்பர் சத்தம் மட்டும். ஊரில் இன்னும் கோல் வரும் என்று இருக்கிற தாய்மாரை உங்களுக்கும் தெரியும். அவர்களுடைய வாடை எத்தனை வருசமாக வீசுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மேட்டுக்குப் பிறகு நிலம் மாறும். ஏற்றம் இறக்கம் குறைந்து, மணலும் ஊசியிலைக் காடும் வயலுமாகத் தட்டையாகிவிடும். பனிப்பாறை வந்து நின்ற எல்லை இந்தப் பக்கம்தான். அதற்கு மேற்கே உருகிய தண்ணீர் பரப்பிய மணல். ஒரு காலத்தில் எல்லாம் பற்றைவெளி. காட்டுநிலம் என்று பார்த்தால் அது முல்லை. குறிஞ்சியில் வெளிக்கிட்டு முல்லையில் வந்து இறங்குகிறேன் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். இக்காஸ்ட் வெளிச்சம் தெரியும். ஒரு காலத்தில் பின்னலாடைத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அப்பா முதல் சம்பளம் எடுத்ததும் இங்கேதான்.

இந்த ஒக்ரோபரிலும் போய் வந்தோம். அப்பா இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். டேனிஷ் மொழி அவரை விட்டுப் போய்விட்டது. பேர்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. வெளிக்கிடும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தை அவர் சொல்லவில்லை. யன்னலுக்கும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்காத ஒரு பயணம். லேசாக இருந்திருக்க வேண்டும். வானமலை மேட்டில் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன், ஓட முடியவில்லை. காத்திருப்பது அவருக்குப் பாரம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது என்னை றோட்டில் பிடித்து வைத்திருந்த கயிறு என்று அப்போதுதான் தெரிந்தது.

இக்காஸ்ட்டில் இறங்கியதும் கோல் எடுத்தேன். தங்கச்சி அவரோடு இருந்தாள், ரெலிபோனை அவருடைய காதில் வைத்தாள். "அப்பா, போய் இறங்கிட்டன்" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பயப்பிடாதை, கடுதாசி வந்திடும். மழை விட்டதும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு" என்றார்.

அவர் காத்திருக்க மறக்கவில்லை. வேறொரு கூதிரில் நின்று காத்திருக்கிறார். இப்படிக் கதைக்கிறவர்களைத் திருத்தக் கூடாது, அவர்கள் நிற்கிற இடத்துக்கு நாங்கள் போக வேண்டும் என்பது தொழிலில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு அது பாடமாக ஞாபகம் வரவில்லை.

"ஓம்" என்றேன். "வெளிக்கிட்டிட்டம்."